நான்காம் நிமிடத்து இருமல்

எங்கள் ஹெட்போன் ரசிகர் குழுவில் எல்லோரும் சோதிப்பது ஒரே பழைய வீணைக் கச்சேரிப் பதிவில்தான். என்ன ராகம் என்று பாதிப்பேருக்குத் தெரியாது. நான்காம் நிமிடத்தில் அவையில் யாரோ இருமுவார், அதுதான் முக்கியம். முப்பதாயிரம் ரூபாய் ஹெட்போனில் அது வெறும் இருமல். லட்ச ரூபாய்க்கு, இடப்பக்கம் மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர். மகாலிங்கம் புதிதாக வாங்கி வந்ததோ நாலரை லட்சம். பெரியவர் அடுத்த இருமலை அடக்கிக்கொள்வதுகூட அதில் கேட்கும் என்று பேச்சு.

முதல்முறையாக வந்திருந்த செண்பகா அதை மாட்டிக்கொண்டாள். மூன்று நிமிடம் தலையாட்டினாள். பிறகு முகம் மாறியது.

"ஐயோ, அவருக்கு யாராச்சும் கொஞ்சம் தண்ணி குடுங்களேன்!" என்று கத்தினாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மகாலிங்கம் தன் தண்ணீர் பாட்டிலோடு எழுந்து, இடப்பக்கமாக இரண்டடி நடந்துவிட்டிருந்தார்.