அக்காவின் சார்பில்

"ஆலைக்கு ரெண்டாவது புகைபோக்கி வேணுமாம். நாளைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டத்துல என்ன சொல்லப் போறீங்க, அக்கா?" என்றார் மாடியில் புதிதாகக் குடிவந்தவர்.

"மைக்கைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும், தம்பி. நீங்களே சொல்லிடுங்க. பாப்பாவுக்கு ஒரே இழுப்பு."

"வீட்ல வேற யாருக்காவது உண்டா?"

"அவ அப்பாவுக்கும் சின்ன வயசுல இருந்துச்சாம்."

"சரி, நான் பேசிக்கிறேன்."

மறுநாள் அவர் மேடையேறி, ஆலை நிர்வாகிகளோடு உட்கார்ந்தார்.

"குழந்தைங்களுக்கு இழுப்பு வருதுன்னு புகார் இருக்கே?" என்றார் அதிகாரி.

"பரம்பரை சார். எங்க கீழ்வீட்டுக் குழந்தைக்கும் இருக்கு, அப்பாகிட்டேருந்து வந்தது. அதோ, அம்மாவையே கேளுங்க."

"அப்படியாம்மா?"

மைக் அவள் முன் நீண்டது. நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆமென்று தலை மட்டும் அசைந்தது.