வலப்பக்கம் வளைந்த தட்டு

ஊரிகம் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மகிழனுக்கு வயிறு எரிந்தது. தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃபை மனைவி யசோதராவுக்குக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். இப்போது அவள் ஆட்டம் பழகுவது அங்கே விளையாட வரும் விநாயக்கிடம்.

"யசோ, எதிர்ல மரம் நிக்குது. இந்த லேசான தட்டை எடு. மெதுவா வீசினாலும் நல்லா வளையும்," என்றான் விநாயக்.

யசோவாம்! கனமான தட்டையே அலட்சியமாக வீசுகிறவளுக்கு லேசான தட்டு எதற்கு?

அவள் எறிந்தாள். தட்டு மரத்தைத் தாண்டியதும் வலப்பக்கம் வளைந்து கூடையருகே இறங்கியது. மகிழன் கற்றுக்கொடுத்த வலதுகை வீச்சில் தட்டு இடப்பக்கம்தான் வளையும். உற்றுப் பார்த்தான். இடதுகைக்காரனான விநாயக்கைப் போலவே அவளும் இடது கையால் எறிகிறாள்!

தண்ணீர் குடிக்க வந்தவளிடம் சீறினான். "கையைக்கூட அவனுக்காக மாத்திக்கினியா?"

"அவருக்காக நான் இன்னாத்துக்கு மாத்தணும்? உங்களுக்கு அவரே சொல்லித் தரேன்னாரு. நீங்கதான் மூஞ்சியைத் திருப்பிக்கினீங்க. அதான் நான் கத்துக்கினு வந்து உங்களுக்குச் சொல்லித் தரலாம்னு பார்த்தேன்."

சொல்லிக்கொண்டே அந்த லேசான தட்டை அவனுடைய இடது கையில் வைத்தாள்.

போன வருட பைக் விபத்தில் வலது கை போனதிலிருந்து மகிழன் தட்டைத் தொட்டதே இல்லை. அதைச் சற்று நேரம் உருட்டிப் பார்த்தவன், எழுந்து மைதானத்துக்குள் நடந்தான்.

"கட்டைவிரலை எங்க வெக்கணும், விநாயக்?"