ஐந்து பேருக்கு ஒரு பெயர்

“எங்கப்பாதான் செத்துப் போயிட்டாவல்லா சித்தப்பா, அவிய பாஸ்வேர்டு இனிமே யாருக்கு?”

பேச்சிராஜின் பதினாறாம் நாள் விசேஷத்தில், எட்டு வயது மகள் மஞ்சு இப்படிக் கேட்டாள். பந்தியில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பேச்சிராஜுடன் வேலை பார்த்த சுந்தரபாண்டி குழந்தையின் தலையைத் தடவிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்து போனான்.

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது.

மேலகரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனை அது. பேச்சிராஜ் அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர். இப்போது மருத்துவமனை கிளவுடுக்கு மாறிக்கொண்டிருந்தது. பாவூர்சத்திரம், அச்சன்புதூர் கிளினிக்குகள் உட்பட எல்லா நோயாளிகளின் விவரமும் இனி வெளியூரில் ஒரு பெரிய நிறுவனத்தின் பாதுகாப்பில் இருக்கும்; வேண்டியபோது இணையம் வழியாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு லைன் அறுந்தால் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்ளும். சர்வர் அறையே தேவையில்லை. சனிக்கிழமை பழைய சர்வரைத் துடைத்து அழிப்பதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை காலையில் பேச்சிராஜின் மனைவி ஆனந்தவள்ளி சாரலில் நனைந்துகொண்டு சுந்தரபாண்டியைத் தேடி வந்தாள்.

“தம்பி, அந்தப் பழைய பொட்டிய அழிக்கப் போறியளாமே. அதுக்கு முன்ன ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. அவிய செய்யலன்னு அதுக்குள்ள எங்கனயாவது இருக்கும்.”

போன ஆண்டு ஜூலையில் ஒரு மதியம், இரண்டு நாள் ரத்தப் பரிசோதனை முடிவுகள் சர்வரிலிருந்து அழிந்துபோயின. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதாயிற்று. அதில் கைக்குழந்தைகளும் உண்டு. அழித்தது யார் என்று பார்த்தபோது பேச்சிராஜின் ஐடி இருந்தது. ‘ஐடி என்னுடையது, பொறுப்பும் என்னுடையது’ என்று மட்டும் அவர் எழுதிக் கொடுத்தார். மெமோ வந்தது. நான்கு மாதத்தில் மாரடைப்பும் வந்தது.

இறந்த ஊழியரின் குடும்பத்தில் ஒருவருக்கு அறக்கட்டளை வேலை கொடுக்கும். கோப்பில் குற்றம் இருந்தால் கொடுக்காது. ஆனந்தவள்ளியின் மனு திங்கட்கிழமை செயலாளரின் பார்வைக்கு வருகிறது.

“அந்த ஐடிய அஞ்சு பேரு போடுவோம் மைனி. பாஸ்வேர்டு கீபோர்டுக்கு அடியில ஒட்டியிருக்கும். உள்ள பேரும் நேரமும்தான் பதிஞ்சிருக்கும். யாரு கைன்னு பதியாது.”

“அப்ப அஞ்சு பேருல ஒருத்தன்லா? எங்கிட்ட மட்டும் ‘நான் செய்யல ஆனந்தா’ன்னு சொன்னாவ. யாருன்னு கேட்டா வாயத் திறக்கல.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “உங்க தலைவரு பாண்டியராஜ் அண்ணாச்சியா தம்பி? அவியதான இத அழிக்க அவசரப்படுதாவ.”

சுந்தரபாண்டி குனிந்துகொண்டான். அவள் மஞ்சுவைப் பற்றிச் சொன்னாள். உன் அப்பாவால்தான் என் தம்பிக்கு இரண்டு ஊசி என்று வகுப்பில் ஒரு பிள்ளை சொல்லிவிட்டதாம். இரண்டு நாளாகப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடும் சோறு அப்படியே திரும்பி வருகிறதாம்.

அவன் நேரே பிரிவுத் தலைவர் பாண்டியராஜிடம் போனான். யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற பழைய பதிவுகளையும் கிளவுடில் ஏற்றிவிடலாமா என்று கேட்டான்.

“ஏலே, வீடு மாறுதப்ப பிஞ்ச வெளக்கமாத்தையும் கட்டித் தூக்கிட்டா போவ? அந்தக் குப்பைக்கும் மாசாமாசம் வாடகை கட்டச் சொல்லுதியா?”

இனி ஆளுக்கொரு ஐடி, போனுக்கு வரும் எண்ணைப் போட்டால்தான் உள்ளேயே போக முடியும், தும்மினால்கூடத் தும்மியது யார் என்று தெரிந்துவிடும் என்று பாண்டியராஜ் பெருமையாக விளக்கினார். பழையதை விட்டுவிடச் சொன்னார். சுந்தரபாண்டி நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு வெளியே வந்தான்.

மறுநாள் பதிவைத் திறந்து பார்த்துவிட்டு ஆனந்தவள்ளிக்குப் போன் செய்தான். பேச்சிராஜ் என்ற பெயர்தான் இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றான். அவள் அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை.

“சரி தம்பி. எங்களுக்காவ நீங்க ஒரு ஆளாவது பாத்தியளே. நல்லாருப்பிய.”

போனை வைத்துவிட்டு அவன் பதிவை மூடினான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பழைய சர்வர் துடைத்து அழிக்கப்பட்டது. வேலை முடிந்த சந்தோஷத்தில் எல்லோரும் வேன் பிடித்து ஐந்தருவிக்குக் குளிக்கக் கிளம்பினார்கள். தனக்குச் சளி என்று சொல்லிச் சுந்தரபாண்டி தங்கிவிட்டான். வேன் வாசலைத் தாண்டும்வரை சன்னலில் நின்று பார்த்தான்.

இனி அந்த மதியத்தைக் காட்டிக்கொடுக்க ஒரு துண்டுப் பதிவும் உலகத்தில் இல்லை. மிஞ்சியிருப்பது கடவுளின் கண் ஒன்றுதான். அவன் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கைகூப்பியிருந்தான். பிறகு செயலாளருக்கு ஒரு கடிதம் அடித்து அனுப்பினான்:

‘ஐயா, பரிசோதனை முடிவுகளை அழித்தது பேச்சிராஜ் அண்ணாச்சி அல்ல. அன்று அவர் ஐடியில் உள்ளே இருந்தது நான். அது அவருக்கு அன்றைக்கே தெரியும். எனக்கு வேலை நிரந்தரமாகாத நேரம் என்பதால் கடைசிவரை யாரிடமும் சொல்லாமலே போய்விட்டார்.’