கால் எட்டும் வண்டி

"எக்கி நிக்காதே. பாதம் தரையில முழுசாப் பதியுதான்னு பாத்துச் சொல்லு."

அப்பா சொன்னதும் மகள் வண்டியில் உட்கார்ந்தபடியே குனிந்து பார்த்தாள். பதியவில்லை. இரண்டு பக்கமும் கட்டைவிரல் நுனிதான் ஷோரூமின் வழவழத் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

"பதியலைப்பா."

"அப்ப இறங்கு. அடுத்ததுல ஏறு."

இது நாலாவது வண்டி. ஹெல்மெட் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "வண்டியோட ஏணி ஒண்ணு சும்மாக் குடுப்பாங்களோ?" என்று மனைவியிடம் கிசுகிசுக்க, அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். மகளின் காதிலும் அது விழுந்தது. விழாத மாதிரி இருந்துகொண்டாள். தெருவில் அவளுக்கு 'அரைப்படி' என்றே பெயர். பழகிப்போன சங்கதி. அதுவுமில்லாமல் இன்றைக்கு யார் என்ன சொன்னாலும் அவளுக்கு உறைக்காது.

பின்னே? வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவரும் வேலை. தேர்வாகி மூன்று வாரமாயிற்று. 'சொந்த வண்டி இருந்தாத்தான் சேத்துக்குவோம். திங்கட்கிழமை வரைக்கும் பாப்போம், அப்புறம் வேற ஆளு' என்று லேபில் சொல்லிவிட்டார்கள். தோழியின் வண்டியில் ஓட்டிப் பழகி லைசென்ஸ்கூட வாங்கி வைத்திருந்தாள். அப்பாதான் அசையவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு வண்டி ஒரு கேடா?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் இன்று காலையில் தானாக வந்து, "கிளம்பு, வண்டி பாத்துட்டு வருவோம்" என்கிறார்! செருப்பைத் தேடியவளிடம், "செருப்பு வேணாம், தம்பி ஷூவைப் போட்டுக்க" என்று தன் கையாலேயே எடுத்தும் கொடுத்தார். கால் சறுக்கிவிடக் கூடாதே என்று எவ்வளவு அக்கறை! வழியெல்லாம் அவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

விற்பனைப் பெண்ணும் ஏறக்குறைய இவள் உயரம்தான். "சார், ஸ்கூட்டர் பாக்கலாமே? சிஸ்டருக்குச் சுலபமா இருக்கும்."

"ஸ்கூட்டர் பேச்சே வேணாம். பைக்குதான்."

மகள் அப்பாவை அதிசயமாகப் பார்த்தாள். ஒரு பழைய ஸ்கூட்டராவது வாங்கிக் கொடுங்கள் என்று கெஞ்சியவள் இவள். பைக்குதான் என்று பிடிவாதம் பிடிப்பவர் அவர்!

"அப்ப இதுல ஏறுங்க சிஸ்டர். சீட்டு உயரத்தை மட்டும் பாத்து நிறையப் பேரு ஏமாந்துடுவாங்க. சீட்டு அகலமா இருந்தா தொடை விரிஞ்சு கால் எட்டாது. இது முன்பக்கம் ஒடுக்கம். நிக்கும்போது லேசாச் சரிஞ்சு இடது காலை ஊனுங்க. நான் அப்படித்தான் ஓட்டுறேன்."

சரிந்து ஊன்றினாள். "பதிஞ்சிருச்சுப்பா!"

"ரெண்டு காலும் பதியணும். ஒத்தக் கால்ல சாஞ்சு நின்னா சிக்னல்ல பாக்குறவன் சிரிப்பான்."

"சிரிச்சுட்டுப் போறாங்கப்பா."

"உனக்குத் தெரியாது. மனசு நொந்துபோயிடும்."

விற்பனைப் பெண் யோசித்தாள். "சீட்டு நுரையைச் செதுக்கினா ஒரு விரக்கடை இறங்கும் சார். செதுக்கின சீட்டு ஒண்ணு உள்ளே இருக்கு, மாட்டிப் பாத்துடலாம். ஷூ வேற போட்டிருக்காங்க, அது கொஞ்சம் தூக்கிக் குடுக்கும்."

"அதுக்குத்தான் போடச் சொன்னேன்" என்றார் அப்பா பெருமையாக.

சீட்டை மாற்றினார்கள். மகள் மறுபடி ஏறினாள். அப்பா தரையில் குத்த வைத்து, அவள் குதிகாலுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். வலது பக்கம் நுழையவில்லை. சுற்றி வந்து இடது பக்கமும் பார்த்தார். நுழையவில்லை. இத்தனை வருஷத்தில் அவளுக்காக அவர் இப்படிக் குனிந்ததில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கலரு?" என்றாள் விற்பனைப் பெண்.

"சிவ..."

"கறுப்பு" என்றார் அப்பா.

"ஆமா, கறுப்பும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் மகள் அவசரமாக.

விற்பனைப் பெண் அங்கேயே பெட்ரோல் டேங்க்கின் மேல் படிவத்தை விரித்தாள். "முழுப் பேரு சொல்லுங்க சிஸ்டர்."

மகள் வாயைத் திறப்பதற்குள் அப்பா சட்டைப் பையிலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். "பையன் பேர்ல போடுங்க."

பேனா நின்றது. "பையனா? அப்ப இவங்க...?"

"அவனும் இவளும் ஒரே உயரம். நாலு பேரு பாக்க எக்கி எக்கி நிக்கணுமேன்னு அவனுக்குக் கடைக்கு வரவே கூச்சம். பாவம், புள்ள குறுகிப்போயிடுவான். அதான் அளவு பாக்க இவளைக் கூட்டிட்டு வந்தேன்."

மகள் இறங்கவில்லை. அவளுடைய இரண்டு பாதங்களும் தரையில் முழுசாகப் பதிந்திருந்தன.

"இறங்கும்மா, வேலை முடிஞ்சுது" என்றார் அப்பா, கனிவாகவே. "வீட்டுக்குப் போனதும் அந்த ஷூவை நல்லாத் துடைச்சு வை. நாளைக்கு வண்டி எடுக்க வரும்போது தம்பி போட்டுக்கணும்."