சுவர் பேசும் மூலை

காரில் வந்த இருவரும் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள், பெரியவர் மாதா கோயிலுக்கு முன்னூறு வயதைக் கூட்டிவிட்டார்.

வாசல் பலகையில் இருப்பது என்னவோ நானூறுதான். பலகைக்கு என்ன தெரியும்?

சாந்தில் குழைக்க முட்டை வெள்ளைக்கரு கேட்டார்களாம் போர்த்துக்கீசியர்கள். கன்னியாகுமரியிலிருந்து இராமேஸ்வரம் வரை மூன்று தலைமுறைக்கு ஒரு கோழியும் குஞ்சு முகம் பார்க்கவில்லை. மிஞ்சிய மஞ்சள் கருவையெல்லாம் கொத்தனார்கள் தின்று தீர்த்தார்கள். தின்றவர்கள் பெருத்தார்கள். அவர்கள் போய்வர வேண்டுமே, அதனால்தான் வாசல் இத்தனை அகலம்.

சுவரின் கனத்தைச் சொல்லவா? சன்னல் குழிவில் படுத்துத் தூங்கிய ஒரு சாமியாரைத் திருவிழா முடிந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

அந்தப் பெண் சிரித்தாள். கணவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

அவர் விடுவாரா? உத்திரத்தைக் காட்டினார். உடைந்த கப்பலின் பாய்மரம். அது நிஜம். புயல் வரும் நாளில் அது கடல் பக்கம் திரும்பிக்கொள்ளும் என்பது அவர் சேர்த்தது.

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இந்த வேலைக்கு யாரும் அவரை வைக்கவில்லை. காலைப் பூசை முடிந்து கோயில் காலியானதும் வந்து உட்கார்ந்துவிடுவார்.

சில நாள் வண்டி வரும். பல நாள் காற்றுதான் வரும்.

எல்லாக் கதையும், வந்தவர்களை வாசல் மண்டபத்து மூலைக்கு இழுத்து வருவதற்குத்தான்.

அங்கே கூரை, கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி வளைந்திருக்கும். ஒரு மூலையில் சுவரோடு வாய் வைத்து மெல்லச் சொன்னால், சொல் வளைவைப் பிடித்து ஏறி எதிர் மூலையில் இறங்கும். நடுவில் நிற்பவருக்கு ஓர் எழுத்தும் கேட்காது.

இன்னாருக்கு இன்னார் என்று பூசையில் கல்யாண ஓலை வாசித்த ஞாயிறன்று பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆளுக்கொரு மூலையில், சுவரைப் பார்த்து நிறுத்துவது ஊர் வழக்கம். சொந்தக்காரர்கள் நடுவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு ஏமாறுவார்கள்.

அப்படி நின்ற அன்று, மெட்டில்டா சுவர் வழியே அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"குறட்டை விடுவியளா?"

மாட்டேன் என்றார். அந்தப் புளுகின் பக்கத்தில் அவள் நாற்பது வருடம் தூங்கினாள்.

போன தவக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள்.

சுவருக்கு இரண்டு பேர் வேண்டும்.

வருகிறவர்கள் பெரும்பாலும் சுவரை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக் கத்துவார்கள். கத்தினால் சுவர் வாங்காது.

"அந்த மூலைக்குப் போயி, சுவத்தப் பாத்து எதையாச்சும் சொல்லுங்கம்மா," என்றார். "எறும்பு தும்முனாக்கூட இங்க கேக்கும்."

முட்டைக் கதைக்குத் தலையாட்டியது போலவே அவள் இதற்கும் தலையாட்டினாள். கணவனும் கூடவே போனான்.

அவர் சுவர் பக்கம் திரும்பி, காதைச் சுண்ணாம்பில் பதித்தார். கண்ணை மூடினார்.

என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டாலும் போதும்.

சுவர் பேசியது.

"ஏனுங்க, இதுவும் புளுகாத்தான் இருக்கும். ஆனாப் பாவமுங்க. பேச ஆளில்லாமக் கெடக்கறாரு. இன்னுஞ் செத்த நேரம் நம்புற மாதிரியே கேட்டுப்போட்டுப் போலாங்க."

ஒரு சொல் சிந்தாமல் வந்து சேர்ந்தது.

அவர் காதை எடுக்கவில்லை.

அப்புறம் அவள் மண்டபமே அதிர, அவரைப் பார்த்து, "ஹலோ! கேக்குதுங்களா?"

அவர் மெல்லத் திரும்பினார்.

"இல்லையேம்மா."

இருவரும் அருகில் வந்தார்கள். கணவன் இப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"கோபுரத்தைப் பத்திச் சொல்லுங்க," என்றாள் அவள், ரொம்பப் பிரியமாக. "அதுக்கும் ஒரு பெரிய கதை இருக்குமில்லீங்க?"

அவர் அண்ணாந்து பார்த்தார்.

"அது சும்மா கோபுரம்மா," என்றார். "மேல ஒரு மணி. வேற ஒண்ணுமில்ல."