பார்க்க வந்தவர்கள்

லைஃப் ஜாக்கெட்டின் வாரைத் தாடை வரை இழுத்துக் கட்டிக்கொண்டு எதிர்ப்பலகையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்க்கப் பார்க்கச் சிந்துஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படகு இன்னும் கடலூர் முதுநகர்த் துறையை விட்டே கிளம்பவில்லை. அதற்குள் இப்படி.

பெயர் சேரனாம். பெயரில் மட்டும் குறைச்சல் இல்லை.

"கோட்டைத் திட்டுக்குச் சும்மா போய்ச் சுத்திப் பாத்துட்டு வரலாம். பண்ருட்டியிலேருந்து தெரிஞ்சவங்களும் வர்றாங்க" என்று அப்பா ராஜவேல் சொன்னபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மா போய் ஆறு வருடம். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே வேலை, மகளுக்கு மாப்பிள்ளை தேடுவது. இனி எவன் முன்னாலும் காபித் தட்டோடு வந்து நிற்க மாட்டேன் என்று செம்மண்டலத்தில் தெருவே கேட்கக் கத்தியிருந்தாள்.

அதனால் இப்போது தட்டு இல்லாமல், படகில்.

அப்பா மீசைக்கு மை அடித்திருந்தார். வரப்போகிற சம்பந்திக்காக இவ்வளவு குழைய வேண்டுமா? கேவலமாக இருந்தது.

சேரனின் அம்மா மலர்க்கொடி அவளை ஒட்டி உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினாள்.

"காரம் ஜாஸ்தி சாப்புடுவியாம்மா? ஊட்டுல சமையல் யாரு?"

"அப்பாதான். எனக்கு வெந்நீர்கூட வெக்கத் தெரியாது" என்றாள் சிந்துஜா, வேண்டுமென்றே.

மலர்க்கொடி முகம் சுளிக்கவில்லை. அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அப்பாவும் பல் தெரியச் சிரித்து வைத்தார்.

அடுத்து முந்திரிப் பொட்டலம் நீண்டது. பண்ருட்டிக்காரர்கள், வேறென்ன நீட்டுவார்கள்? சிந்துஜா கையை ஒதுக்கினாள்.

சேரன் துறையைப் படம் எடுத்தான். நாரையைப் படம் எடுத்தான். அவளை மட்டும் எடுக்கவில்லை. அதற்கும் துணிச்சல் இல்லை.

திட்டில் இறங்கியதும், எந்த வருடம் எந்த வெள்ளைக்காரன் கோட்டையைப் பிடித்தான் என்று எழுதியிருந்த பலகையை ஒரு வரி விடாமல் வாய்விட்டுப் படித்தான். அதைத் தாங்க முடியாமல் சிந்துஜா இடிந்த கொத்தளத்தின் மேல் ஏறினாள். மூச்சு வாங்கிக்கொண்டு அவனும் பின்னாலேயே வந்தான். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே இல்லை.

திரும்பி நின்று சொல்லிவிட்டாள்.

"இதப் பாருங்க. எனக்கு உங்களப் புடிக்கல. படகுல ஏறுனதுலேருந்தே புடிக்கல. உங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அவன் திருதிருவென்று விழித்தான்.

"எனக்குக் கல்யாணமாயி ரெண்டு வருஷம் ஆவுதுங்க. வொய்ஃப் டெலிவரிக்குக் குறிஞ்சிப்பாடியில அவுங்க அம்மா ஊட்டுல இருக்கா."

"அப்ப இது?"

"நாங்க உங்க அப்பாவப் பாக்க வந்தோங்க. எங்க அம்மாவுக்குச் சம்மதம். எனக்கும்தான். உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம அவருதான் ரெண்டு மாசமா தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்காரு."

சிந்துஜாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கீழே பார்த்தாள்.

மதில் நிழலில் ஒரு நீளக் கல். அதன் ஒரு முனையில் மலர்க்கொடி, மறு முனையில் அப்பா. நடுவில் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம்.

அப்பா கோட்டையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவளையும் பார்க்கவில்லை. கொத்தளத்தின் மேல் நின்ற மகளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சிந்துஜா இறங்கி வந்தாள். நடுவில் இருந்த இடத்தில் உட்காரவில்லை. சுற்றிக்கொண்டு போய் அப்பாவின் ஓரமாக நின்றாள்.

"கொஞ்சம் அந்தாண்ட நவுந்து ஒக்காருப்பா" என்றாள்.