இரண்டாவது ஷூ

"உன் பொண்டாட்டிக்கு இன்னுமாடா அலங்காரம் முடியல?" வாசலில் காரை நிறுத்திவிட்டு வந்த அக்கா கேட்டாள்.

தம்பிக்கு முகம் சுண்டிப்போனது. எங்கே கிளம்பினாலும் இதே கூத்துதான். எல்லோரும் காத்து நிற்க, அவன் மனைவி மட்டும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, "இதோ வந்துட்டேன்" என்பாள். அந்த 'இதோ' அரை மணி நேரம் நீளும்.

கூடத்தில் அப்பா ஒரு காலில் மட்டும் ஷூவோடு உட்கார்ந்திருந்தார். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம்கீப்பர். அவர் கை காட்டாமல் ஒரு வண்டிகூட வெளியே போகாது. இப்போது மூன்று வருஷமாக நடுக்குவாதம். இன்று டிப்போவின் பழைய ஆட்கள் கூடும் விழா. யார் கையையும் பிடிக்காமல் உள்ளே நுழைய வேண்டும் என்று ஒரு மாதமாக அதே பேச்சு.

"அவ எப்பவுமே லேட்டுதான். டிப்போவா இருந்தா மெமோ கொடுத்திருப்பேன்" என்றார், லேஸை நிதானமாக முடிந்தபடி. மருமகளைக் குறை சொல்வதில் மனுஷருக்குத் தனித் தெம்பு.

"உடம்புக்கு முடியாதவரை இப்படியா காக்க வைப்பா? கொஞ்சமாவது ஈவிரக்கம் வேண்டாம்?" என்று அக்கா பொரிந்தாள்.

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு அறைக்குள் போனான்.

மனைவி உடுத்தி, தலைவாரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப ரெடியான?"

"ஒரு மணி நேரமாச்சு. மெதுவாப் பேசுங்க" என்று உதட்டில் விரல் வைத்தாள். "மாமா பதட்டப்பட்டா உடம்புல ஏதோ ஹார்மோன் ஏறுமாம். அப்புறம் மாத்திரை போட்டிருந்தாலும் நடுக்கம் கூடிடும், கால் தரையோட ஒட்டிக்கும்னு டாக்டர் சொன்னார். தனக்காக எல்லாரும் நிக்கிறாங்கன்னு தெரிஞ்சா மாமாவால ஒரு முடிச்சுகூடப் போட முடியாது. எனக்காக நிக்கிறாங்கன்னா திட்டிக்கிட்டே போட்டுடுவார்."

போன மாதம் "சீக்கிரம்ப்பா" என்று அவன் அவசரப்படுத்தியதும், அப்பா வாசற்படியிலேயே நகர முடியாமல் நின்றதும் அவனுக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

வெளியே அக்காவின் குரல் மறுபடி உயர்ந்தது.

"இதோ வந்துட்டேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, அவள் அவனிடம் கிசுகிசுத்தாள்:

"கதவிடுக்குல பாருங்க, ரெண்டாவது ஷூவும் போட்டுட்டாரா?"